வாய்க்காலில் விழுந்தால் அவுட்

எங்கள் அணியில் எனக்கு ஊறுகாய் என்று பெயர். வைத்தது கேப்டன். பத்து ஓவர் ஆட்டத்தில் ஒருவர் இரண்டு ஓவர் வரை பந்து போடலாம். எனக்கு மட்டும் எப்போதும் ஒன்றுதான். எதிரணியில் எவனாவது நிலைத்து நின்று சாத்தத் தொடங்கினால், கேப்டன் எல்லைக் கோட்டில் நிற்கும் என்னைப் பார்த்து இடக்கையைத் தூக்கிக் காட்டுவான். நான் ஓடிவந்து ஆறு பந்து போடுவேன். அவன் அவுட் ஆனாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, பிறகு பழையபடி எல்லைக் கோட்டுக்கே போய்விட வேண்டும். மட்டை பிடிப்பதில் நான் பதினோராவது ஆள். பன்னிரண்டாவது என்று ஒரு இடம் இருந்திருந்தால் அதில்தான் என்னைப் போட்டிருப்பான்.

"இன்னொரு ஓவர் தாயேன்" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"ஏலே, ஊறுகாயத் தொட்டுக்கிடலாம். அள்ளித் திங்க முடியுமாலே?" என்றான்.

எனக்குச் சுரீரென்று வந்தது. அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

அந்த நியாயத்தைப் புரிந்துகொள்ள எங்கள் மைதானத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சேரன்மகாதேவியில் பிசான நெல் அறுவடை முடிந்ததும் வயல்கள் இரண்டு மாதம் சும்மா கிடக்கும். அதில் ஒன்றைப் பிடித்து, நடுவில் இருக்கும் நெல்தாள்களை மண்வெட்டியால் செதுக்கி, தண்ணீர் தெளித்துத் தட்டினால் ஆடுகளம் தயார். ஒரு முனையிலிருந்து மட்டும்தான் பந்து போடுவோம். வலக்கை ஆட்டக்காரன் மட்டையோடு நின்றால் அவன் முதுகுக்குப் பின்னால், முப்பதடி தூரத்தில், வாய்க்கால். டென்னிஸ் பந்து ஒருமுறை தண்ணீரில் ஊறிவிட்டால் அதற்குப் பிறகு அது பந்தில்லை, வடை. அதனால் எங்கள் ஊரில் ஒரு சட்டம் இருந்தது. வாய்க்காலில் விழுந்தால் அவுட். அடித்தவனே இறங்கிப் பந்தை எடுத்துத் தரவும் வேண்டும்.

நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் வாய்க்கால் பக்கம் மட்டையைத் திருப்பவே மாட்டார்கள். காலை விலக்கி இடம் பண்ணிக்கொண்டு நேராகவோ எதிர்ப்பக்கமோ தூக்குவார்கள். மற்றவர்கள் போடும் பந்துக்கு அது சரிப்படும். நான் ஸ்டம்புக்கு இடப்பக்கமாக ஓடிவந்து இடக்கையால் போட்டால், பந்து வெளியே தள்ளி எங்கேயோ கிளம்பி உடம்புக்குள் வந்து நுழையும். கை வீச இடமிருக்காது. அந்த நெருக்கடியில் எதையாவது செய்தால் பந்து முதுகுப்பக்கம்தான் போகும். முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இவ்வளவுதான் என் திறமை. என்னிடம் வேகம் கிடையாது, சுழலும் கிடையாது. கை மட்டும் மாறியிருந்தது. இரண்டாவது ஓவர் போட்டால் சின்னப் பிள்ளைகூட அந்தக் கோணத்தைப் பழகிக்கொண்டுவிடும். ஒரு ஓவர் வரைக்கும் நான் சூரன்.

அதே கை வீட்டுக்குள் வந்தால் கதை வேறு. எங்கள் வீட்டில் இரண்டு நொட்டாங்கை. ஒன்று நான், இன்னொன்று அக்கா. சாப்பிடுவதையும் எழுதுவதையும் அம்மா அகப்பைக் காம்பால் முட்டியில் தட்டித் தட்டி வலக்கைக்கு மாற்றிவிட்டாள். மற்றதெல்லாம் மாறவில்லை. என்னை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆம்பளை எந்தக் கையால் என்ன செய்தால் என்ன! கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாற மட்டும் விடமாட்டார்கள். வாழையிலை நறுக்கும் இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அக்காவுக்குத்தான் அது பெரும்பாடாக இருந்தது. பி.காம். முடித்துவிட்டு வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் அவள் தைத்த ஜாக்கெட்தான். துணியை எந்தக் கை வெட்டியது என்று எவளும் கேட்டதில்லை. ஆனால் முந்தின வருடம் டவுனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில், "பொண்ண விளக்கேத்தச் சொல்லுங்க" என்றார்கள். அவள் இடக்கையால் தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். பழக்கத்தில் செய்ததுதான். இரண்டு நாளில் தரகர் வந்து, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்காளாம். விளக்கேத்துத கைதான் சரியில்லங்காவ" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்று சமைக்கவில்லை. அக்கா வழக்கம்போல மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். மிதித்தாளே தவிர ஊசியில் நூல் கோத்திருக்கவில்லை. நான் பார்த்தேன்.

ஆகவே மறுவருடம் மாசியில் பத்தமடையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா ஒரு வாரம் ஒத்திகை நடத்தினாள். விளக்கைக் காலையிலேயே ஏற்றிவைத்துவிட்டாள். அக்கா காபி டம்ளரை டவராவோடு எடுத்துவந்து மாப்பிள்ளையிடம் வலக்கையால் நீட்ட வேண்டும். அதுபோதும். எனக்கும் உத்தரவு இருந்தது. கேசரித் தட்டை வலக்கையால் வைக்க வேண்டும், பிறகு சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தார். அவரைவிட அவர் சித்தப்பாதான் அதிகம் பேசினார். எங்கள் குலதெய்வம் எது, அப்பா தாலுகா ஆபீசில் இன்னும் எத்தனை வருடம், கிணற்றுத் தண்ணீர் உப்பா என்பதுவரை கேட்டார். அக்கா வந்தாள். டம்ளரை நீட்டினாள். வலக்கையில் அந்தச் சூடும் கனமும் பழக்கமில்லாமல் டம்ளர் டவராவுக்குள் கடகடவென்று ஆடியது. காபி டவராவில் சிந்தியது. மாப்பிள்ளை வாங்கிக்கொண்டு குனிந்தார். அதற்குப் பிறகு அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்க்கவே இல்லை.

கிளம்புகிற நேரத்தில் பேச்சுக்காக என்னிடம், "தம்பி வெளாடுவீங்களா? நான் ஞாயித்துக்கெழமைன்னா மட்டையத் தூக்கிட்டுப் போயிருவேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அவன் அதெல்லாம் வெளாட மாட்டான். நல்ல புள்ள" என்றாள்.

கட்டியிருந்த கையை நான் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஏனென்றால் நான்கு நாளைக்கு முன்தான் கேப்டன் சொல்லியிருந்தான். "பத்தமடை டீம்ல ஒரு கணக்கு வாத்தியாரு இருக்காராம். வாய்க்கா இருக்க பக்கம் திரும்பியே பாக்க மாட்டேங்காராம். எல்லாம் நேராத் தூக்குதாராம். அரை இறுதில நமக்கு அவுங்கதான். ஒன்னைய அவருக்குன்னே வச்சிருக்கேன், பாத்துக்க."

அந்த ஆட்டம் பெண் பார்த்துப் போன ஒன்பதாவது நாள். ஒன்பது நாளாகப் பத்தமடையிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. பிடித்திருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை கிடையாது. தரகர் எங்கள் தெருப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் அம்மாவிடம், மறுநாள் ஆட்டத்தில் எதிரணியில் மாப்பிள்ளை ஆடுகிறார் என்ற உண்மையைச் சொன்னேன். அவளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"ஏலே, நீ போகாத. அவரு முன்னால போயி அந்தக் கையத் தூக்காத. தம்பிக்கு நொட்டாங்கைன்னா அக்காளுக்கு எப்படின்னு கேக்க மாட்டாவளா? இன்னும் பதிலே வரல ராசா."

"நான் போகலன்னா பதினோரு பேரு தேறாதும்மா. கேப்டன் வீட்டு வாசல்ல வந்து நின்னு சத்தம் போடுவான்."

"அப்ப சோத்துக்கையால போடு. எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். சத்தியத்தையும் வலக்கையால்தான் பண்ணினேன். அதனால்தான் பலிக்கவில்லையோ என்னவோ.

அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். டவுன்காரர்கள் திருப்பி அனுப்பிய பிறகு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். யாராவது அக்காவைப் பற்றி விசாரித்தாலே, அவர்கள் கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிப் பழகியிருந்தாள்.

மறுநாள் காலை நான் சைக்கிளை எடுக்கும்போது அக்கா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அம்மா சத்தியம் வாங்கினாளோ?"

"ஆமா."

"எந்தலையில அடிச்சும் ஒண்ணு பண்ணு. நீ ஒன் கையாலயே போடணும்."

"எக்கா, தெரிஞ்சு போச்சுன்னா?"

"தெரியட்டும்லே. கல்யாணம் ஆன பெறவு மட்டும் தெரியாதா? ஆயுசு பூரா ஒரு கைய இடுப்புல கட்டிக்கிட்டு நான் சோறு பொங்கணுமா? அன்னைக்கு ஒரு டம்ளர் காப்பிக்கே எனக்கு உசுரு போயிட்டு." ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்தாள். "அவுங்க என்னைய வந்து பாத்தாவ. நான் அவரப் பாக்க வேண்டாமா? நீ போட்டு அவுட்டாக்கு. அதுக்குப் பெறவு அவரு எப்படி இருக்காருன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

இரண்டு பெண்கள், இரண்டு சத்தியம், இரண்டு கை. எனக்கு இருந்ததோ ஒரே ஒரு ஓவர்.

நாங்கள் முதலில் ஆடி ஏதோ ஒப்பேற்றினோம். பிறகு அவர்கள் ஆட வந்தார்கள். வாத்தியார் மூன்றாவது ஓவரில் இறங்கினார். எல்லைக் கோட்டில் என்னைப் பார்த்ததும் முதலில் புருவத்தைத் தூக்கினார், பிறகு சிரித்தார். வெளாடாத நல்ல புள்ள அங்கே கால்சட்டையோடு நிற்கிறதே! அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. அவர் சித்தப்பா வரப்பில் குடைபிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ வேலையாகச் சேரன்மகாதேவிக்கு வந்தவர், அண்ணன் மகன் ஆடுகிறானே என்று பார்க்க வந்துவிட்டாராம்.

வாத்தியார் கேப்டன் சொன்னபடியேதான் ஆடினார். கால் ஒரு அடி விலகும், மட்டை ஒரு வட்டம் போடும், பந்து எங்கள் தலைக்கு மேல் போகும். ஆறாவது ஓவர் முடிவில் ஆட்டம் கைநழுவிக்கொண்டிருந்தது. கேப்டன் இடக்கையைத் தூக்கினான்.

நான் பந்தை வாங்கி வலக்கையில் பிடித்தேன்.

"என்னலே பண்ணுத?" என்றான்.

"சும்மா இரி" என்றேன்.

முதல் பந்து ஆடுகளத்தின் பாதியிலேயே குத்தித் தவழ்ந்து போனது. வாத்தியார் பாவம் பார்த்து மெல்லத் தட்டினார். அதுவே நான்கு ஓட்டம். இரண்டாவது பந்து அழகாக மிதந்து போனது. அதை அவர் தூக்கிய தூக்கில் பக்கத்து வயலில் மேய்ந்த ஆடுகள் சிதறின. வரப்பில் சித்தப்பா கைதட்டினார். கேப்டன் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தான்.

"லே, கிறுக்குப் பிடிச்சிட்டா ஒனக்கு? இதுக்கா ஒன்னைய இவ்வளவு நேரம் பொத்திப் பொத்தி வச்சேன்?"

அக்காவை நினைத்துத்தான் கையை மாற்றினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது முழு உண்மையில்லை. ஊர் பார்க்க ஒரு சிக்ஸர் வாங்கிய எரிச்சல் பாதி. அவர் பாவம் பார்த்துத் தட்டிய அந்த முதல் பந்து மீதி. இதெல்லாம் போக ஏதாவது மிச்சமிருந்தால் அது அக்காவுக்கு.

பந்து இடக்கைக்குப் போனது. ஆனால் சத்தமில்லாமல் கை மாற்றிவிட முடியாது. அம்பயராக நின்றது சைக்கிள் கடை அண்ணாச்சி. பெற்ற பிள்ளை ஆடினாலும் சட்டம் சட்டம்தான் அவருக்கு. பந்துவீச்சாளன் கையை மாற்றினால் ஆட்டக்காரனுக்குச் சொல்லியாக வேண்டும். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, அடுத்த ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"கை மாத்துதான்! நொட்டாங்கை! ஸ்டம்பச் சுத்தி வருதான்! பாத்துக்கிடுங்க சார்!"

குடை லேசாகச் சாய்ந்தது. சித்தப்பா என்னை உற்றுப் பார்த்தார். வாத்தியாரும் பார்த்தார். அவ்வளவு நேரம் சிரித்த முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு அம்மாவின் தலை உள்ளங்கையில் சுட்டது.

மூன்றாவது பந்து உள்ளே வந்து அவர் தொடையில் பட்டது. காலை விலக்கினார், பந்தும் கூடவே விலகி அவரைத் தேடி வந்தது. நான்காவது பந்தும் அதே இடத்தில்தான் போட்டேன். இந்த முறை அவர் பொறுக்கவில்லை. இடுப்பருகே வந்ததை மடக்கித் திருப்பினார். நல்ல அடிதான். பந்து உயர எழும்பி, ஒரு நொடி வெயிலில் தெரியாமல் போய், வாய்க்காலுக்குள் தொப்பென்று விழுந்தது.

எங்கள் ஆட்கள் குதித்தார்கள். எனக்குக் குதிக்கத் தோன்றவில்லை. வாத்தியார் மட்டையைப் பைய தரையில் வைத்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சட்டப்படி, வாய்க்காலை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் பார்த்துப் போன மாப்பிள்ளை சேற்றில் இறங்கப் போகிறார். இறக்கியது பெண்ணின் தம்பி! எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை கால் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுப்பார்கள், வாய்க்காலில் தள்ளமாட்டார்கள். நான் ஒரே ஓட்டமாக ஓடி, அவருக்கு முன்னால் குதித்துவிட்டேன். அவரும் இறங்கிவிட்டார். முழங்கால் தண்ணீரில், கோரைப் புல்லுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பந்தை நாங்கள் இருவரும் துழாவினோம்.

"நீங்க ஏறுங்க, நான் எடுக்கேன்" என்றேன்.

"சட்டம்னா சட்டம்தான தம்பி" என்றார். கொஞ்சம் துழாவிவிட்டு, என்னைப் பார்க்காமலே, "வீட்ல வேற யாருக்கும் இந்தக் கை உண்டா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல நினைத்தேன். அம்மா ஒத்திகை பார்த்த பொய் ஒன்று தயாராகவே இருந்தது. ஆனால் நூல் இல்லாமல் ஓடிய அந்தத் தையல் மிஷின் நினைவுக்கு வந்தது.

"அக்காவுக்கும் இடதுகைதான்" என்றேன். "அன்னைக்கு அம்மா சொன்னதால வலது கையில கொடுத்தா."

அவர் நிமிர்ந்தார். "அதுக்காகவா டம்ளர் அப்படி ஆடிச்சு?"

"ஆமா."

துழாவுவதை நிறுத்தினார். தண்ணீர் எங்கள் கால்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பிடிக்காத புள்ளைய வீட்ல கட்டாயப்படுத்திக் கொண்டாந்து நிறுத்திட்டாங்கன்னு நெனச்சேன். அதான் கை நடுங்குதுன்னு. அந்தப் புள்ள கண்ணப் பாக்கவே எனக்குப் பயமாப் போச்சு. பிடிக்காதவங்கள எப்படிக் கட்டுதது? அதான் வீட்ல எனக்கு யோசிக்க நேரம் வேணும்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஒன்பது நாள்! இந்தப் பக்கம் நாங்கள் கையை மறைத்துவிட்டோம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அந்தப் பக்கம் அவர் மறைத்த கையைப் பார்த்து மனதைத் தப்பாகப் படித்துக்கொண்டு இருந்திருக்கிறார். கணக்கு வாத்தியாருக்கே கணக்கு தப்பியிருக்கிறது.

பந்து கிடைத்தது. அவரே தன் சட்டையில் துடைத்து, பிழிந்து, என்னிடம் கொடுத்தார். "இன்னும் ரெண்டு பந்து இருக்கு. போய்ப் போடுங்க" என்றார். கரையேற நான் கை நீட்டினேன். நீட்டியது இடக்கை. அவர் அதைப் பிடித்துத்தான் ஏறினார். வரப்பில் சித்தப்பா குடையை மடக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போய்க்கொண்டிருந்தார்.

ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் போனதும் கேப்டனுக்கு என் மேல் பாசம் பொங்கி, வரலாற்றில் முதன்முறையாக எனக்கு இரண்டாவது ஓவரைக் கொடுத்தான். அடுத்து வந்தவன் என்னைப் போலவே ஒரு நொட்டாங்கையன். அவனுக்கு வாய்க்கால் எதிர்ப்பக்கம். என் பந்து அவன் மடியில் வைத்த பலகாரம் மாதிரி போய் இறங்கியது. ஆறு பந்தில் ஆட்டம் முடிந்தது, தோற்றோம். "ஊறுகான்னா ஊறுகாயா இருக்கணும்லே" என்று கேப்டன் ஒரு மாதம் சொல்லிக் காட்டினான்.

வீட்டில் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவிடம் கிணற்றடியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"அவுட்டானதும் மட்டைய வீசி எறிஞ்சாரா?"

"இல்ல. பைய கீழ வச்சாரு."

"பெறவு?"

"வாய்க்கால்ல எறங்கிப் பந்தைத் தேடுனாரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அழவும் செய்தாள். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன், சளி பிடித்ததாகச் சொல்லிக்கொண்டு.

"எனக்கும் பிடிச்சிருக்குன்னு அவர்ட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"இல்லையே. நீ எங்கன சொன்ன?"

"மக்கு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை தரகர் வந்தார். மாப்பிள்ளை இன்னொரு தடவை பெண்ணைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். அப்பா திகைத்தார். ஒரு பெண்ணை இரண்டு முறை பார்ப்பதாவது! அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. சோதிக்கத்தான் வருகிறார்கள் என்று முடிவுகட்டினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது அடியைவிட மோசமாக இருந்தது. பிறகு டம்ளர் நிறையத் தண்ணீரை ஊற்றி அக்கா கையில் கொடுத்து, கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடக்கவிட்டாள். வலக்கை. இரண்டு நாள் சொட்டுச் சொட்டாகச் சிந்தியது. மூன்றாவது நாள் சிந்தவில்லை. அக்கா மறுபேச்சுப் பேசாமல் நடந்தாள். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். சித்தப்பாவும் வந்திருந்தார். உட்காரும்போதே அவர் முகம் கோணியிருந்தது. "நாம என்னத்தச் சொல்ல? இந்தக் காலத்துப் புள்ளைக" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் வழக்கமான இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா காபியோடு வந்தாள். வலக்கை புடவைத் தலைப்புக்குள் இருந்தது. டவராவும் டம்ளரும் இடக்கையில் இருந்தன. நிறைய ஊற்றியிருந்தாள், விளிம்புவரை. கதவருகே நின்ற அம்மா, "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். விருந்தாளிக்கு இடக்கையால் நீட்டுவதா! எங்கள் வீட்டில் பிச்சைக்காரனுக்குக்கூட அப்படிக் கொடுத்தது கிடையாது. அக்கா நேராக மாப்பிள்ளை முன்னால் போய் நின்று, அவர் கண்ணைப் பார்த்து, நீட்டினாள். ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை டம்ளரைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். தூக்கப்போன வலக்கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து ஒரு வேலைக்கும் பழக்காத தன் இடக்கையை நீட்டி வாங்கினார்.

டம்ளர் கடகடவென்று ஆடியது. சுடச்சுடக் காபி அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது. இந்தத் தடவை நடுங்கியது அவர் கை.